காதில் ஹெட்செட், கையில் கொடி: நடுவர் குழுவுக்குள் என்ன பேசுவது?

புதுவிசில்:

வணக்கம். மைய நடுவராகக் கால்பந்து ஆட்டங்களை நடத்த ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. இதுவரை எங்கள் குழுவுக்குள் விசில், கொடி, கண் ஜாடை, அவ்வளவுதான். வரும் சுற்றிலிருந்து நடுவர், இரண்டு உதவி நடுவர்கள், களத்துக்கு வெளியே பெஞ்ச் பக்கம் நிற்கும் நான்காவது நடுவர் என நால்வருக்கும் ரேடியோ ஹெட்செட் தரப் போகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு எப்படி ஆட்டம் நடத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கையேட்டில் சார்ஜ் போடுவதும் ஒன்றோடொன்று இணைப்பதும் மட்டும்தான் இருக்கிறது.

செட் வந்து சேரும்வரை ஒரு நண்பரிடம் இருக்கும் வாக்கி டாக்கிகளை வைத்துச் சமாளிக்கலாமா? தொண்ணூறு நிமிடமும் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது? ரேடியோ இருக்கும்போது உதவி நடுவர் கொடி காட்டுவதைக் குறைத்துக்கொள்ளலாமா? எனக்குப் பயிற்சி தந்த மூத்த நடுவர் ஒருவர், "காதில் இதை மாட்டினால் கண்ணால் பார்க்கும் பழக்கம் போய்விடும்" என்று உறுதியாகச் சொல்கிறார். அவர் பேச்சைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோட்டோரம்:

தம்பி, முதலில் வாக்கி டாக்கியை முடித்துவிடுவோம். வேண்டாம். பொத்தானை அழுத்தினால்தான் பேச முடியும் என்கிற கருவி, ஓடிக்கொண்டிருப்பவருக்கு உதவாது. உன் கையில் விசில் இருக்கும். என் கையில் கொடி, அதுவும் ஆட்டம் திரும்பும் பக்கத்துக்கு ஏற்பக் கை மாறிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போது மற்றவர் பேச முடியாது. பெனால்டி பகுதிக்குள் ஒருவர் விழுகிற நொடியில் உனக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். அப்போது வழி அடைபட்டுக் கிடந்தால் ரேடியோ இருந்தும் இல்லாத மாதிரிதான். மைக் எப்போதும் திறந்திருக்க வேண்டும், நால்வரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடிய வேண்டும். அப்படிப்பட்ட செட் வரும்வரை கொடியும் கண்ணும் போதும்.

விதியைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள். ஆட்ட விதிகளில் 5ஆம் விதி நடுவரிடம் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று சொல்வது விசில், கடிகாரம், மஞ்சள் சிவப்பு அட்டைகள், குறித்துக்கொள்ள நோட்டு. ஹெட்செட்டும் பஸ்ஸர் கொடியும் "அனுமதிக்கப்படலாம்" என்ற பட்டியலில் வருகின்றன. அதாவது போட்டியை நடத்துபவர்கள் ஒப்புக்கொண்டால் உண்டு. நீ மட்டும் முடிவு செய்து மாட்டிக்கொண்டு போகக் கூடாது. உனக்கு அவர்களே தருகிறார்கள், அதனால் கவலையில்லை.

நான் கோட்டோரத்தில் ஓட ஆரம்பித்த காலத்தில் பஸ்ஸர் கொடிதான் பெரிய விஷயம். கொடியின் பிடியில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் நடுவரின் மேற்கையில் கட்டிய பெல்ட் அதிர்ந்து பீப் அடிக்கும். அந்தப் பீப்புக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: என்னைப் பார். விதிப் புத்தகமும் அதைக் கூடுதல் சைகை என்றுதான் சொல்கிறது. கொடி முதலில், பீப் அதற்குத் துணை. ஹெட்செட்டையும் நான் அதே இடத்தில்தான் வைக்கிறேன்.

கொடியைக் குறைக்கலாமா என்று கேட்டாய். கூடவே கூடாது. ரேடியோ நம் நால்வருக்கு மட்டும் கேட்கும். கொடி எல்லோருக்கும் தெரியும். நான் உன் காதில் "ஆஃப்சைடு" (தாக்குபவர் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நிற்கிற குற்றம்) என்று சொல்லிவிட்டுக் கொடியைக் கீழேயே வைத்திருந்தால், நீ விசில் அடிக்கும்போது பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும் முன்கள ஆட்டக்காரர் எதற்கென்று தெரியாமல் உன்மீது பாய்வார். கொடி ஏறியிருந்தால் பாதிப் பேர் விசிலுக்கு முன்பே நின்றுவிடுவார்கள்.

சரி, அப்படியானால் ரேடியோ எதற்கு? விசில் அடிப்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு நொடிக்கு. கொடி முடிவான விஷயத்தைத்தான் சொல்லும். முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போது நாம் பகிர்ந்துகொள்ள ரேடியோதான் இருக்கிறது.

மிகச் சாதாரணமானதிலிருந்து தொடங்குகிறேன். த்ரோ. என் முன்னால் இரண்டு பேர் மோதிப் பந்து வெளியே போகிறது. நான் பந்து கிடைக்க வேண்டிய அணியின் சட்டை நிறத்தை, "நீலம்" என்று மெல்லச் சொல்கிறேன், பிறகு இருவரும் கை காட்டுகிறோம். ஒரே திசை. ஒரு ஆட்டத்தில் இது எத்தனையோ முறை நடக்கும். நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் காட்டிவிட்டு, பிறகு ஒருவர் இறங்கி வருகிற காட்சியைப் பார்த்த ஆட்டக்காரர்கள் அடுத்த பெரிய முடிவை நம்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கை இப்படிச் சின்னச் சின்ன த்ரோக்களில்தான் சேருகிறது. இதை நான் பார்த்துப் பார்த்து உணர்ந்தது.

அடுத்தது ஆஃப்சைடு. எல்லோரும் இதில் உதவி நடுவர்தான் நடுவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதிகம் உதவுவது அதற்கு நேர்மாறானது, நடுவர் எனக்குச் சொல்வது. நான் கடைசிக்கு முந்தைய தடுப்பாளரோடு கோட்டில் நிற்கிறேன். நடுக்களத்திலிருந்து பந்து வருகிறது, வழியில் ஒரு காலில் பட்டுத் திரும்புகிறது. அது தாக்குபவர் காலா, தடுப்பவர் காலா? தடுப்பவர் என்றால் வேண்டுமென்றே ஆடினாரா, சும்மா பட்டதா? என் கோணத்திலிருந்து நான்கைந்து கால்கள்தான் தெரியும். உனக்கு நேராகத் தெரியும். "தொட்டது சிவப்பு" என்று நீ சொன்னால் என் கொடி ஏறுவதா வேண்டாமா என்பதே மாறிவிடும். ஹெட்செட் வருவதற்கு முன்பு இதற்காக உன் முகத்தைப் பார்த்து, நீ என் முகத்தைப் பார்த்து, அதற்குள் பந்து வலையில் இருக்கும். இந்த ஒரு உதவிக்காகவே ஹெட்செட்டை நான் கொண்டாடுவேன்.

பெனால்டி பகுதியின் கோட்டருகே ஃபவுல் என்றால் "உள்ளே" அல்லது "வெளியே". ஒரு சொல் போதும். பந்து முன்னால் போய்விட்டது, பின்னால் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், அந்தப் பக்கத்து உதவி நடுவர் "பின்னால் நான் பார்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நீ நிம்மதியாகப் பந்தோடு ஓடலாம். கார்னரின்போது பந்து காற்றில் இருக்கையில் நீ எந்த ஜோடியைப் பார்க்கப் போகிறாய் என்பதைச் சொல்லிவிடு, மற்றவர்கள் வேறு ஜோடிகளை எடுத்துக்கொள்வார்கள். திறந்த மைக்கில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: நீ ஒரு ஆட்டக்காரரை எச்சரிக்கும்போது நாங்கள் மூவரும் கேட்கிறோம். அவர் அடுத்த முறை பெஞ்ச் பக்கம் வந்து "எனக்கு யாருமே சொல்லவில்லையே" என்று சொன்னால் நான்காவது நடுவருக்குப் பதில் தெரியும்.

இனிச் சொற்கள். இதைப் போட்டிக்கு முன் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிடு. எதிர்மறையாக எதையும் சொல்லக் கூடாது. "ஃபவுல் இல்லை" என்று நான் சொல்ல ஆரம்பித்தால் உன் காதில் முதலில் விழுவது "ஃபவுல்". "இல்லை" வருவதற்குள் விசில் வாய்க்குப் போய்விடும், அல்லது இரைச்சலில் அந்த "இல்லை" அமுங்கிவிடும். அதற்குப் பதில் "ஆடட்டும்". ஆஃப்சைடு இல்லை என்றாலும் "ஆடட்டும்". பார்க்கிறேன், முடிவாகவில்லை என்றால் "பொறு". பெனால்டி என்றால் அந்தச் சொல் மட்டும், இரண்டு முறை. ஆளைச் சொல்லச் சட்டை நிறம் முதலில், எண் அடுத்து: "சிவப்பு ஆறு." காரணம் சொல்ல நேரம் இருந்தால் அதற்குப் பிறகு.

கடைசியாகப் பேசாமல் இருப்பது. நீ பத்து மீட்டரில் நின்று தெளிவாகப் பார்க்கிற தடுப்பாட்டத்தைப் பற்றி ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் நான் வாய் திறக்கக் கூடாது. நான் பார்த்தேன், நீ பார்த்திருக்க முடியாது, எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சு. "நல்ல முடிவு", "ஆமாம் ஆமாம்", "ஐயோ என்ன ஷாட்", இதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். பெனால்டி கொடுத்துவிட்டு உன்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, "எனக்கும் அதுதான் தெரிந்தது" என்று அமைதியாக ஒரு முறை சொல்வேன். அந்த நேரத்தில் நடுவருக்கு அது தேவைப்படும்.

அலைவரிசை:

கோட்டோரம் சொன்னதற்கு மேல் ஆட்டம் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. ரேடியோ பராமரிப்பு என் தொழில், விடுமுறையில் கொடி பிடிக்கிறேன், அதனால் கருவியைப் பற்றி மட்டும்.

மைதானம் 105 மீட்டருக்கு 68 என்றால் மூலைக்கு மூலை சுமார் 125 மீட்டர். விதிப்படி அதிகபட்சமான 120க்கு 90 மைதானத்தில் சரியாக 150. பெட்டியில் பல நூறு மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது நடுவில் எதுவும் இல்லாத வெட்டவெளியில் அளந்த கணக்கு. மைதானத்தில் நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள், உங்கள் உடம்பும் இருக்கிறது. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். புளூடூத் வகைச் செட்டுகள் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். செட்டை இடுப்பின் பின்னால் செருகிவிட்டு முன்னால் இருக்கும் உதவி நடுவரோடு பேசினால் அலை உங்களைக் கடந்துதான் போக வேண்டும். மேற்கையில், வெளிப்பக்கமாகக் கட்டுங்கள். முடிந்தவரை உயரமாக.

மலிவான சில புளூடூத் செட்டுகளில் முதலாமவர் பேச்சு இரண்டாமவர் செட் வழியாகத்தான் மூன்றாமவருக்குப் போகும். அப்படியானால் மைய நடுவரின் செட்டை நடுக்கண்ணியாக இணையுங்கள். இரண்டு உதவி நடுவர்களுக்கும் பொதுவாக அருகில் இருப்பவர் அவர்தான்.

மைக்கை வாயின் ஓரத்தில், உதட்டுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ஓடும்போது மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்கும். நுரைப்பஞ்சு உறை கட்டாயம். விசிலை மைக் இல்லாத பக்கமாக வாயில் வைத்து ஊதுங்கள். 115 டெசிபல் அளவுக்குப் போகும் விசில்கள் இருக்கின்றன. ஒலியைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத செட்டில் அது நேராக மற்ற மூவரின் காதுக்குள் போகும், செவிக்கு நல்லதல்ல.

எந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வேறு நாட்டிலிருந்து வரவழைத்த செட் என்றால் இதை முதலில் பாருங்கள். குறியாக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அதே அலைவரிசையில் கருவி வைத்திருக்கும் யாரும் நீங்கள் பேசுவதைக் கேட்கலாம், பெஞ்சில் இருப்பவரும்கூட.

பழையகொடி:

புதுவிசிலுக்குப் பயிற்சி தந்த அந்த மூத்தவர் பக்கம்தான் நான். ஒரு காதை மூடிவிட்டால் ஆட்டத்தின் பாதிச் சத்தம் போய்விடும். பந்தில் பட்ட உதைக்கு ஒரு சத்தம், கணுக்காலில் பட்ட உதைக்கு வேறு சத்தம். கண் மறைந்த இடத்தில் அந்தச் சத்தத்தை வைத்து ஃபவுல் கொடுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். யார் யாரைப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள் என்பதும் காதுக்குத்தான் வரும், அதைப் பிடித்துவிட்டால் பின்னால் வரும் சண்டையைத் தடுத்துவிடலாம்.

இன்னொன்று. 2006 உலகக் கோப்பையில் எல்லோர் காதிலும் ஹெட்செட் இருந்தது. குரோஷியா ஆஸ்திரேலியா ஆட்டத்தில் நடுவர் கிரஹாம் போல் ஒரே ஆட்டக்காரருக்கு, யோசிப் சிமுனிச்சுக்கு, மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதோடு அவர் வெளியே போயிருக்க வேண்டும். அத்தனை நடுவர்கள், அத்தனை ஹெட்செட். ஒருவரும் சொல்லவில்லை. கருவியால் என்ன பயன்?

கோட்டோரம்:

ஐயா, சத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் காதை அடைக்கும் ரப்பர் வகையை நான் மாட்டுவதில்லை. காதின் வெளியே தொங்கும் வகை, ஒரு காதில் மட்டும், ஒலியும் குறைவாக. களத்தின் சத்தம் முதலில் கேட்க வேண்டும், குழுவின் குரல் அதற்கு அடியில் கேட்க வேண்டும்.

ஆனால் கிரஹாம் போல் விஷயத்தில் நீங்கள் சொல்வதைத்தான் நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது அட்டையின்போது அவர் குரோஷியாவின் 3ஆம் எண்ணுக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண்ணின் பெயரில் குறித்துவிட்டார். கையால் எழுதும்போது வருகிற பிழை, யாருக்கும் வரலாம். அதே சமயம் ஒவ்வொரு அட்டைக்கும் நடுவர் நிறத்தையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர்களில் ஒருவராவது அதைத் தன் தாளில் எழுதி, "ஏற்கெனவே அட்டை உள்ளவர்" என்று உடனே திருப்பிச் சொல்கிற பழக்கம் இருந்தால் அந்தப் பிழை அந்த நொடியிலேயே பிடிபட்டிருக்கும். வழி திறந்துதான் இருந்தது, அதில் போக வேண்டிய பேச்சு போகவில்லை. அதனால் எங்கள் குழுவில் இதை விடாமல் செய்கிறோம்: அட்டையைக் காட்டுவதற்கு முன்பே நடுவர் "சிவப்பு ஆறு, மஞ்சள்" என்பார். தாளைப் பார்த்து நான்காவது நடுவர் "முதலாவது" அல்லது "இரண்டாவது" என்பார். அந்தப் பதில் வராமல் அட்டை சட்டைப் பையிலிருந்து வெளியே வராது.

அதே உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தையும் பாருங்கள் ஐயா. பெர்லின், 110ஆவது நிமிடம். பிரான்ஸின் ஜிதான் இத்தாலியின் மத்தராட்சியின் மார்பில் தலையால் முட்டினார். பந்து வேறு பக்கம் இருந்தது. நடுவர் ஒராசியோ எலிசோந்தோ பார்க்கவில்லை, ஒருவர் தரையில் கிடப்பதை மட்டும் பார்த்தார். உதவி நடுவர்களைக் கேட்டார், அவர்களும் பார்க்கவில்லை. நான்காவது நடுவர் லூயிஸ் மெதினா கந்தலெகோ பார்த்திருந்தார், ஹெட்செட்டில் சொன்னார். சிவப்பு அட்டை. ஹெட்செட் இல்லாமல் அதே நிலைமையைக் கற்பனை செய்யுங்கள். நான்காவது நடுவர் கோட்டோரத்தில் நின்று கை ஆட்ட வேண்டும், நடுவர் கவனித்து ஓடி வர வேண்டும். அதற்குள் ஆட்டம் தொடர்ந்திருந்தால்?

கண் ஜாடை போதும் என்கிறவர்களுக்கு நான் இன்னொரு ஆட்டத்தையும் நினைவுபடுத்துவேன். 1966 இறுதி ஆட்டம். இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே இறங்கியது. நடுவர் காட்ஃப்ரீட் டீன்ஸ்ட் சுவிட்சர்லாந்துக்காரர், கோட்டில் நின்ற தோஃபிக் பஹ்ராமோவ் சோவியத் அசர்பைஜான்காரர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. உலகக் கோப்பையின் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி தலையசைப்பில் முடிந்தது. பந்து கோட்டைத் தாண்டியதா என்பதற்குள் நான் போகவில்லை. நீ எதைப் பார்த்தாய், எங்கிருந்து பார்த்தாய், எவ்வளவு உறுதி என்று அந்த நடுவரால் கேட்க முடியவில்லையே, அதுதான் எனக்கு வலிக்கிறது. கேட்கக்கூடிய வசதி இன்று நமக்கு இருக்கிறது.

பழையகொடி:

அட்டைக்கு முன் திருப்பிச் சொல்லும் வழக்கம் நல்லது. ஹெட்செட் இல்லாத ஆட்டத்திலும் செய்யலாம் போல, அட்டை எடுக்கும் முன் நோட்டைப் பார்ப்பது என்று. ஆனால் பயிற்சியில் முதல் கொஞ்சக் காலம் ஹெட்செட் இல்லாமல்தான் ஓட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் உதவி நடுவரைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உடம்பில் ஊறிய பிறகு காதில் மாட்டட்டும்.

கோட்டோரம்:

இதில் உங்களோடு முழு உடன்பாடு. ஹெட்செட் மாட்டிய நடுவர்கள் ஆஃப்சைடு வாய்ப்புள்ள நேரத்தில்கூட என் பக்கம் திரும்பாமல் ஓடுவதைப் பார்க்கிறேன். சத்தம் வராவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். என் கொடி மேலே இருக்கும்.

புதுவிசில்:

அக்கா, ஐயா, அலைவரிசை சார், மூவருக்கும் நன்றி. படிக்கப் படிக்க உடை மாற்றும் அறையில் பேச வேண்டியதைக் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு சந்தேகம் மிச்சம்.

ஒன்று, 2023 செப்டம்பர் 30 டோட்டன்ஹாம் லிவர்பூல் ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸின் கோல் மறுக்கப்பட்டதே, அதன் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். அங்கே கருவி நன்றாகத்தான் வேலை செய்தது, பேசியதும் தெளிவாகக் கேட்கிறது. பிறகும் தவறு நடந்தது எப்படி? நமக்கு விஏஆர் (வீடியோ பார்த்து உதவும் நடுவர்) கிடையாது, ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது, ஆட்டக்காரர் அல்லாதவரை, பெஞ்சில் இருப்பவரை, எப்படி அடையாளம் சொல்வது? அவருக்கு எண் இல்லையே.

கோட்டோரம்:

அந்த ஒலிப்பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், குழுவாக உட்கார்ந்தும் கேட்டோம். களத்தில் கொடுத்த முடிவு ஆஃப்சைடு. விஏஆர் அறையில் இருந்தவர் களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார், டியாஸ் சரியான இடத்தில் நின்றது தெரிந்தது. அதனால் "செக் கம்ப்ளீட்" என்றார். அவர் மனதில் அதன் பொருள் கோல் நிற்கட்டும். களத்தில் இருந்தவர் காதில் அதன் பொருள் ஆஃப்சைடு நிற்கட்டும். ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் தொடங்கிவிட்டது. ரீப்ளே இயக்குபவர்தான் முதலில் ஏதோ சரியில்லை என்று எழுப்பினார். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு திரும்பிப் போக விதி இடம் தரவில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

அந்தச் சொற்றொடர் வேலை முடிந்தது என்று மட்டும் சொல்கிறது, முடிவு என்ன என்பதைச் சொல்லவே இல்லை. நம் ஆட்டங்களிலும் இதே ஓட்டை இருக்கிறது. நீ "சரியா?" என்று கேட்கிறாய், நான் "சரி" என்கிறேன். எது சரி? கோலா, கொடியா? அதனால் "சரி", "ஓகே", "முடிந்தது" இவற்றை எங்கள் குழுவில் விலக்கி வைத்திருக்கிறோம். முடிவையே முழுதாகச் சொல்ல வேண்டும். "கோல். நடுவட்டத்திலிருந்து தொடக்கம்." கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆஃப்சைடு. நீலத்துக்கு ஃப்ரீ கிக்." எதிலிருந்து ஆட்டம் தொடங்கப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், இருவர் மனதிலும் வேறு வேறு முடிவு இருப்பது உடனே வெளிப்பட்டுவிடும். விமான ஓட்டிகளும் கட்டுப்பாட்டு அறையும் கேட்டதைத் திருப்பிச் சொல்வது இதற்காகத்தான். கோல், பெனால்டி, சிவப்பு அட்டை, இந்த மூன்றுக்கும் திருப்பிச் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடங்காதே. இரண்டு நொடிதான் ஆகும். கேலரி கத்தட்டும்.

இரண்டாவது சந்தேகம் நீ நினைப்பதைவிடப் பெரியது. 2020 டிசம்பர் 8, சாம்பியன்ஸ் லீக், பாரிஸின் பிஎஸ்ஜிக்கும் துருக்கியின் பஷாக்ஷெஹிருக்கும் ஆட்டம். பெஞ்சில் இருந்த உதவிப் பயிற்சியாளர் பியர் வெபோவுக்கு அட்டை கொடுக்க வேண்டியிருந்தது. நான்காவது நடுவர் அவரை நடுவருக்கு அடையாளம் காட்டும்போது தோலின் நிறத்தைச் சொன்னார். இரு அணியும் களத்தை விட்டு வெளியேறின. ஆட்டம் மறுநாள் வேறு நடுவர் குழுவோடுதான் தொடர்ந்தது. ஒரு மனிதரை அவருடைய தோலால் குறிப்பது நடுவர் வேலையில் மட்டுமல்ல, எங்குமே கூடாது. அவசரத்தில் வாயில் வந்துவிட்டது என்பதும் சமாதானமாகாது. அவசரத்தில் நல்ல சொல் வர வேண்டுமானால் அது முன்பே தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் வழக்கம் இது. போட்டிக்கு முன் நான்காவது நடுவர் இரு அணிப் பட்டியலையும் வாங்கி, பெஞ்சில் இருப்பவர்களின் பொறுப்பையும் பெயரையும் எழுதிக்கொள்வார்: தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், மருத்துவர். ரேடியோவில் "நீலம், உதவிப் பயிற்சியாளர்" என்பார். பொறுப்பு தெரியவில்லை என்றால் உட்கார்ந்திருக்கும் இடம்: "நீலம், நடுவிலிருந்து மூன்றாவது இருக்கை." அதுவும் குழப்பம் என்றால் நடுவரே நடந்து போய், நான்காவது நடுவரின் பக்கத்தில் நின்று ஆளைப் பார்க்கட்டும். உடை, உடல்வாகு, தோற்றம் எதுவும் வேண்டாம்.

அலைவரிசை:

ஒரு சின்னச் சேர்க்கை. களத்துக்குள் போவதற்கு முன் நால்வரும் அவரவர் இடத்துக்குப் போய் நின்று சோதியுங்கள். உடை மாற்றும் அறையில் தெளிவாகத்தான் கேட்கும், அது சோதனை ஆகாது. தூரத்து மூலைக் கொடியருகே ஒரு உதவி நடுவர், எதிர் மூலையில் இன்னொருவர், இருவரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று பேசிப் பார்க்க வேண்டும். மழையோ வியர்வையோ அதிகமென்றால் இடைவேளையில் இயர்பீஸைத் துடைத்து மாட்டுங்கள்.

புதுவிசில்:

ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்குச் செட் செத்துவிட்டால்?

கோட்டோரம்:

உனக்குக் கேட்கவில்லை என்றால் காதை இரண்டு முறை தட்டிக் காட்டு, எங்களுக்கும் அதே சைகை. இதையும் அறையிலேயே பேசி வைத்துக்கொள். ஒருவருடையது போனால் பந்து வெளியே போகும் வரை கொடியில் ஓட்டுங்கள், பிறகு நான்காவது நடுவரிடம் மாற்றுச் செட் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். அதற்காக ஆட்டத்தை நிறுத்தி வைக்காதே. மாற்று இல்லை என்றால் மிச்ச மூவரும் பேசிக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்காமல் ஓடும் நிலை வரும். அவர் பக்கத்து முடிவுகளில் நீ வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். அடிக்கடி வெட்டி வெட்டி வருகிறது என்றால் நால்வரும் கழற்றிவிடுவது மேல். பாதி கேட்கும் ரேடியோவை நான் நம்ப மாட்டேன். "பெனால்டி" என்று கேட்டதா, "பெனால்டி பகுதிக்கு வெளியே" என்று சொல்ல வந்தது பாதியில் அறுந்ததா என்று உனக்கு எப்படித் தெரியும்?

முதல் ஆட்டம் முடிந்ததும் இங்கே வந்து எழுது, தம்பி. எந்தச் சொல் வேலை செய்தது, எது குழப்பியது என்று.